வீட்டை நடத்தக் காசில்லை, எந்த ஓவியத்தை விற்கலாம்?

சுவிட்சர்லாந்தில் சூரிச்சுக்குப் பக்கத்திலேயே இரண்டு வீடுகள். பாடன் நகரில் லாங்மாட், விண்டர்தூரில் வில்லா ஃபுளோரா. குடும்பம் சேர்த்த ஓவியங்களை அந்தந்த வீட்டுச் சுவரிலேயே பார்க்கலாம் என்பதுதான் இரண்டின் சிறப்பும். இரண்டுக்கும் வந்த நோயும் ஒன்றுதான்: யானையைக் கட்டிவிட்டார்கள், தீனிக்குக் காசில்லை. வைத்தியம் மட்டும் வேறு.

லாங்மாட் 1900-01இல் சிட்னி பிரவுன், ஜென்னி தம்பதிக்காகக் கட்டடக் கலைஞர் கார்ல் மோசர் கட்டியது. பிரவுன் போவெரி மின்பொறி நிறுவனத்துக் குடும்பம். மின்சாரத்தில் வந்த பணம் ரென்வார், செசான் என்ற பிரெஞ்சு ஓவியர்களின் படங்களாகச் சுவரேறியது. 1990இல் வீடு அருங்காட்சியகமானது. பழைய கட்டடத்தைப் புதுப்பிக்க அரசுப் பணம் கிடைக்கும். அன்றாடச் செலவுக்கு யார் தருவார்? அறக்கட்டளைக்கு 4 கோடி பிராங்க் முதலீடு தேவை என்று கணக்குப் போட்டு, 2023 நவம்பரில் மூன்று செசான் ஓவியங்களை நியூயார்க்கில் ஏலம் விட்டார்கள். நார்ப் பின்னல் போட்ட இஞ்சி ஜாடியும் பழங்களும் உள்ள ஓவியம் மட்டும் சுமார் 3.9 கோடி டாலருக்குப் போனது. அதற்கு முன்பே, அந்தப் படத்தை ஒருகாலத்தில் வைத்திருந்த யூதக் கலை வணிகரின் வாரிசுகளோடு ஓர் உடன்பாடும் செய்துகொள்ள வேண்டியிருந்தது. அருங்காட்சியகத்தார் சங்கம் கடுமையாக எதிர்த்தது. எதிர்ப்பில் நியாயம் உண்டு: இன்று அன்றாடச் செலவுக்கு மூன்றை விற்றால், நாளை இன்னும் மூன்றை விற்க மாட்டார்களா? ஆனால் விற்காமல் கதவைச் சாத்தியிருந்தால் மட்டும் யார் பார்த்திருப்பார்கள் என்றும் கேட்கலாம்.

ஃபுளோரா கதவைச் சாத்தத்தான் செய்தது. ஆர்தர் ஹான்லோசர் கண் மருத்துவர், நோயாளிகளைப் பார்த்ததும் அந்த வீட்டில்தான். அவரும் மனைவி ஹெடியும் பொனார், வலோட்டான் போன்ற ஓவியர்களோடு நட்பாகவே பழகி வாங்கினார்கள். ஹெடியை வலோட்டான் 1908இல் வரைந்த உருவப்படமும் உண்டு. 1995இல் பொதுமக்களுக்குத் திறந்த வீடு, பணமில்லாமல் 2014இல் மூடப்பட்டது. ஓவியங்கள் பாரிஸ், ஹாம்பர்க் என்று ஊர் ஊராகச் சுற்றின. அப்புறம் வீட்டைப் புதுப்பித்து, விண்டர்தூர் கலை அருங்காட்சியகத்தின் ஒரு கிளையாக 2024 மார்ச்சில் திறந்தார்கள்.

என் ஓட்டு ஃபுளோராவுக்கு. பத்து வருஷம் போனது நஷ்டம்தான், தனிக்காட்டு ராஜாவாக இருந்த வீடு பெரிய நிறுவனத்தின் கீழே போனதும் உண்மை. ஆனாலும் ஊர் சுற்றப்போன படங்கள் திரும்பி வந்தன. இஞ்சி ஜாடி பாடனுக்குத் திரும்பாது.

இத்தாலியில் வாரேசே நகரில் இருக்கும் வில்லா பான்சாவையும் இங்கே சேர்க்க வேண்டும். கலைச் சேகரிப்பாளர் ஜுசெப்பே பான்சா தம் 18ஆம் நூற்றாண்டு மாளிகையை 1996இல் எஃப்ஏஐ என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளைக்குக் கொடுத்தார், 2000இல் திறந்தது. அவரும் தம் சேகரிப்பில் நிறையவே வெளியே விற்றவர்தான். ஆனால் சில கலைஞர்களிடம் படம் வாங்காமல், அறையையே கொடுத்துவிட்டார். ஜேம்ஸ் டரெல் ஓர் அறையின் கூரையில் சதுரமாகத் திறப்பு விட்டார். அண்ணாந்தால் வானம், அதுதான் படைப்பு. டான் ஃபிளேவின் ஒரு நடைபாதை நெடுகக் குழல்விளக்குகளைப் பொருத்தினார். வீட்டை இடிக்காமல் இவற்றை ஏலக்கூடத்துக்கு எடுத்துப்போக முடியாது.