எபிரேய டாட்டூ டிசைன் ஆன்லைனில் வாங்குகிறவர்கள் கவனம்: எனக்கு 14,500 ரூபாய் போச்சு

மொத்தம் 14,500 ரூபாய். டிசைனுக்கு ஆன்லைன் தளத்தில் 5,500, குத்திவிட்ட கடையில் 9,000. கையில் இருப்பது பைபிளின் உன்னதப்பாட்டு 6:3-இன் முதல் நான்கு சொற்கள் ("நான் என் நேசருடையவள், என் நேசர் என்னுடையவர்"), ஆனால் எழுத்து வரிசை பின்னிருந்து முன்னாக. எபிரேயம் தெரிந்தவர் பார்த்த நொடியே கண்டுபிடித்துவிடுவார்.

எபிரேயம் வலமிருந்து இடமாகப் போகிற எழுத்து. "அனி லெதோதி வெதோதி லி", இந்த நான்கு சொற்களும் முடிவது யோட்டில் (நம் பைபிளில் சங்கீதம் 119-இன் பிரிவுத் தலைப்பாக வருகிற அதே யோட்). மேல் வரிசையில் தொங்குகிற, இருப்பதிலேயே சின்ன எழுத்து. சரியாக எழுதினால் ஒவ்வொரு சொல்லின் இடது ஓரத்திலும் அது நிற்கும். என் கையில் நான்கும் வலது ஓரத்தில். வயிற்றெரிச்சலே இதில்தான். யோட்டின் எண் மதிப்பு 10. நான்கு யோட் 40. எலூல் என்ற யூத மாதத்தின் பிறப்பிலிருந்து யோம் கிப்பூர் என்ற பாவநிவாரண நாள் வரையான 40 நாளுக்கு இதை யூத மரபு பொருத்திச் சொல்லும். நான்கு சொற்களின் முதலெழுத்தைச் சேர்த்தாலும் எலூல்தான். கல்யாண மோதிரத்தில் பொறிக்கிற வரி இது. கடவுளின் நான்கெழுத்துப் பெயர் இதில் இல்லை என்பதற்காகவே தேர்ந்தெடுத்தேன். அந்தப் பெயர் தோலில் எழுதியிருந்தால் குளிக்கக்கூடாது, அசுத்தமான இடத்தில் நிற்கக்கூடாது என்கிறது யூதச் சட்ட நூலான தல்மூத். இவ்வளவு பார்த்துப் பொறுக்கிய வரி, இப்போது யோட்டில் தொடங்கி, முதலில் வர வேண்டிய ஆலெப் எழுத்தில் முடிகிற உளறல்.

தளம் காட்டிய மாதிரிப் படம் சரியாகவே இருந்தது. கூடவே "எபிரேயத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் சரிபார்த்தது" என்று முத்திரை குத்திய ஒரு சான்றிதழ். அதை வைத்துத்தான் பணம் கட்டினேன். ஆனால் ஸ்டென்சிலுக்கு (குத்துமுன் தோலில் பதிக்கிற அச்சு) என்று அனுப்பியது அந்தப் படம் இல்லை. அவுட்லைனாக (எழுத்தை மாறாத வரைவடிவமாக) மாற்றாமல், எழுத்தை டைப் செய்த நிலையிலேயே விட்ட ஃபைல். கடைக் கம்ப்யூட்டரில் அந்த ஃபான்ட் கிடையாது, வலமிருந்து எழுதும் செட்டிங்கும் ஆனில் இல்லை. திறந்ததும் எழுத்தெல்லாம் இடமிருந்து வலமாக அடுக்கிக்கொண்டன. தெர்மல் பிரின்டரில் ஸ்டென்சில் எடுத்து அப்படியே தோலில் ஏற்றிவிட்டார்கள்.

புகார் செய்தால் தளத்தின் முதல் பதில்: "கண்ணாடியில் பார்த்திருப்பீர்கள்." கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு எழுத்தும் முகம் திருப்பிக்கொள்ளும். இங்கே எழுத்துகள் நேராக இருக்கின்றன, வரிசைதான் புரண்டிருக்கிறது. படத்தோடு விளக்கி அனுப்பினேன். "உங்கள் கடையைக் கேளுங்கள்." கடையில் கேட்டால், "வந்ததைத்தானே மேடம் குத்தினோம்." திரும்பத் தளத்துக்கு. "டிஜிட்டல் பொருளுக்கு ரீஃபண்ட் இல்லை", அடுத்த டிசைனுக்கு 20 சதவீதம் தள்ளுபடிக் கூப்பன். எந்தக் கையில் குத்த?

கறுப்பு மை என்பதால் லேசரில் ஓரளவு எடுக்கலாம். ஒரு தடவையில் முடியாது, ஒவ்வொரு தடவைக்கும் நடுவே 6 முதல் 8 வாரம் விட வேண்டும். அந்தச் செலவு 14,500-க்கு மேல் தனி.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இருக்கிற கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. அவுட்லைன் ஆக்கிய ஃபைல் அல்லது படம் மட்டும் வாங்குங்கள். ஸ்டென்சில் தோலில் ஏறியதும், ஊசி படுமுன் போட்டோ எடுத்து எபிரேயம் வாசிக்கிற ஒருவருக்கு அனுப்புங்கள். டாலெத் எழுத்தின் மேல் மூலை கூராக இருக்க வேண்டும், வளைந்தால் அது ரேஷ் என்ற வேறு எழுத்து; இந்த ஒரு வரியிலேயே நான்கு டாலெத். ஹே எழுத்தின் இடது கால் மேல்கோட்டைத் தொடக்கூடாது. பொடியாகக் குத்தினால் நாளாக ஆக மை பரவி இடைவெளி மூடி ஹெத் என்ற வேறு எழுத்து ஆகிவிடும், அதனால் எழுத்து 1 செ.மீ. உயரமாவது இருக்கட்டும். உயிர்க்குறிப் புள்ளிகள் வேண்டாம், கலங்கிப்போகும். தோரா (யூத வேதம்) சுருளில் வருகிற, உச்சியில் கிரீடம் போன்ற சிறு கோடுகள் வைத்த எழுத்தும் வேண்டாம், தோலில் அது அசிங்கம். லேவியராகமம் 19:28 பச்சை குத்துவதையே தடுக்கிறது என்பது பலருக்குத் தெரியும். ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் கைதிகளுக்கு எண் குத்தியது இடது முன்கையில் என்பதையும் நினைத்து, அந்த இடத்தையாவது விட்டுவிடுங்கள்.

சான்றிதழைக் காட்டினால் யார் சரிபார்த்தது என்று கேளுங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டாதீர்கள். நான் கட்டியது 14,500.