பங்குனித் தாமிரபரணி: புழுவா, மாவா, இறகு ஈயா?

மாசி பிறந்தால் தாமிரபரணி தெளிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கலங்கலாக ஓடிய ஆறு, சேரன்மகாதேவிப் பக்கம் அடிமணல் தெரிகிற அளவுக்கு இறங்கியிருக்கும். மீனுக்கு நாம் தெரிகிற காலம் இது. மழைக்காலத் தூண்டிலை அப்படியே கொண்டுபோய்ப் போட்டால் பலன் குறைவுதான்.

மண்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். கலங்கல் தண்ணீரில் அதற்கு நிகர் எதுவும் இல்லை. கெளுத்தி மீசையாலேயே ருசி பார்க்கும், அதற்குக் கண்ணே தேவையில்லை. தெளிந்த நீரில் கதை வேறு. பொடிமீன்கள் மொய்த்துப் புழுவைக் கொறித்துவிடும், வெறும் தூண்டில் முள்தான் மேலே வரும். பெரிய மீன் வந்தாலோ தொண்டைவரை விழுங்கிவிடும். குழம்புக்கு என்றால் சரி, திரும்ப ஆற்றில் விட நினைத்தால் அந்த மீன் பிழைப்பது கஷ்டம்.

மைதாவோடு கடலைப் புண்ணாக்கு சேர்த்துப் பிசைந்த மாவு, சிலேபி மீனுக்கு (திலேப்பியா) என்றே அமைந்த இரை. ஓட்டத்தில் கரைந்துவிடும் என்பதால் அணைக்கட்டுக்கு மேலே தண்ணீர் தேங்கி நிற்கிற இடத்தில்தான் போட வேண்டும். சிலேபி ஆப்பிரிக்க மீன், 1952இல் இந்தியாவுக்குள் வந்தது. தாய்மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பதால் வேகமாகப் பெருகி, நம் மீன்களின் இரையையும் இடத்தையும் பிடுங்கிக்கொள்கிறது. அதைக் கூடை நிறையப் பிடித்தாலும் எனக்கு வருத்தமில்லை.

அப்புறம் இறகு ஈ. சேவலின் கழுத்து இறகைச் சின்ன முள்ளில் நூலால் சுற்றிப் பூச்சி மாதிரி செய்வது. ட்ரவுட் மீனுக்காக வளர்ந்த கலை இது. ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும், நீலகிரியில் அவலாஞ்சி போன்ற இடங்களோடு சரி, நம் ஆற்றில் கிடையாது. ஆனால் விழுந்த பூச்சியைத் தின்ன மேலே வருகிற கெண்டை வகைகள் இங்கே உண்டு. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் நீர்ப்பரப்பில் வட்டம் வட்டமாக அலை எழும், அங்கேதான் போட வேண்டும். ஈ ஓட்டத்தோடு தானாக மிதந்து போக வேண்டும். தூண்டில் நரம்பு, அதாவது நைலான் இழை, அதை இழுத்தால் மீன் ஒதுங்கிவிடும்.

இதற்கான வெளிநாட்டுக் கம்பு நம் கரைக்கு ஒத்துவராது என்பது என் கருத்து. கயிற்றின் எடையால் வீசுகிற முறை அது, பின்னால் வெட்டவெளி வேண்டும். இங்கே திரும்பினால் நாணலும் மருதமரமும். நம் மூங்கில் கம்பே போதும். அதன் நுனியில் கம்பு நீளத்துக்கு நரம்பு கட்டி, மிதவைத் தக்கையும் எடைக்கான ஈயமும் இல்லாமல் ஈயை மட்டும் கோத்தால், நரம்பைத் தண்ணீரில் படாமல் தூக்கிப் பிடிக்கலாம். ஜப்பான் மலையோடைகளில் இப்படித்தான் ரீல் இல்லாமல் பிடிக்கிறார்கள். "அண்ணாச்சி, புழு இல்லாம என்னத்தப் பிடிக்கப் போறீய?" என்று கரையில் நிற்பவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும்.

எடை கணக்குப் பார்த்தால் புழுவிடம் ஈ தோற்றுத்தான் போகும். ஆனால் ஈயை மீன் விழுங்குவதில்லை, பெரும்பாலும் உதட்டில்தான் மாட்டும். முள்நுனியில் பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைக் கொறடால் நசுக்கிவிட்டால், கையை நனைத்துக்கொண்டு மீனைத் தண்ணீருக்குள்ளேயே விடுவிக்கலாம். ஆறு மெலிந்திருக்கும் பங்குனியில் உள்ளூர்க் கெண்டைக்கு நான் ஈயைத்தான் எடுப்பேன், வீட்டுக்கு மீன் வேண்டுமென்றால் மாவும் சிலேபியும், புழு ஐப்பசிக்கு.

எதை எடுத்தாலும் பாபநாசம் படித்துறை மீன்களை விட்டுவிடுங்கள், அவை பக்தர்கள் பொரி போட்டு வளர்ப்பவை. அதற்கு மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், அங்கே தூண்டிலே கூடாது. திருப்புடைமருதூர் 2005 முதல் பறவைகள் காப்பிடம், அந்தப் பக்கமும் போடாதீர்கள். அறுந்த நரம்பை எந்தக் கரையிலும் விட்டுவராதீர்கள், கொக்கு நாரையின் காலில் சுற்றிக்கொண்டால் அவிழ்க்க யாரும் வரமாட்டார்கள்.