இரை தொடாத கடல் மீனுக்குக் கறுப்புப் புழுவா, வெள்ளைப் புழுவா, மைசிஸா?

கடலில் பிடிபட்டு, பல கைகள் மாறி உப்புநீர்த் தொட்டிக்கு வந்து சேரும் மீன்களில் சில, முதல் சில நாட்களுக்கு எதையுமே வாயில் வைப்பதில்லை. காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளை இதற்குப் பெயர்போனது. பாறை இடுக்குகளில் ஒளிந்திருக்கும் சிறு புழுக்களைத் தன் நீண்ட வாயால் கொத்தி இழுத்துத் தின்றே வளர்ந்த அந்த மீன், நீரில் மிதந்து வரும் உலர்தீவனத்தை இரையாகவே மதிப்பதில்லை. மெலிந்துகொண்டே போகும் அப்படியொரு மீனுக்கு எதைக் கொடுப்பது என்று வரும்போது, உயிருள்ள கறுப்புப் புழு, உயிருள்ள வெள்ளைப் புழு, உப்புநீரில் வாழும் சிறு இறால் போன்ற உயிரினமான ஆர்ட்டீமியா (உயிருள்ளது), இறாலை ஒத்த இன்னொரு சிற்றுயிரான மைசிஸ் (உறைந்தது) ஆகிய நான்குமே போட்டியில் நிற்கின்றன. இவற்றில் மீனின் வாயை முதலில் திறக்க வைப்பது ஒன்று, அதை ஆண்டுக்கணக்கில் வாழ வைப்பது வேறொன்று என்பதே என் உறுதியான கருத்து.

பிளாக்வார்ம் என்று விற்கப்படும் கறுப்புப் புழு, லம்ப்ரிகுலஸ் வேரியகேட்டஸ் என்னும் நன்னீர்ப் புழுவாகும். குளங்களின் ஆழமற்ற ஓரங்களில், மக்கிய இலைகளுக்கு நடுவே அது வாழ்கிறது. துண்டாகிப் போனால் அந்தத் துண்டுகளே தலையும் வாலும் வளர்த்துத் தனிப் புழுக்களாகிவிடும். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புள்ள கடல்நீரில் விழுந்ததும், அதன் உடலிலிருக்கும் நீர் வெளியேறத் தொடங்குவதால், சில நிமிடங்கள் சுருண்டும் நெளிந்தும் துடித்துவிட்டு, மெல்லத் தளர்ந்து இறந்துபோகிறது. பட்டினி கிடக்கும் மீனை ஈர்ப்பது இந்தத் துடிப்புதான். காப்பர்பேண்டைக் கூர்ந்து கவனித்தால், தலையைச் சற்றுச் சாய்த்து ஒரு கண்ணால் புழுவை உற்றுப் பார்ப்பதும், பின்வாங்கி மறுபடி நெருங்குவதும், கடைசியில் வாய் நுனியால் ஒரு புழுவின் முனையை மட்டும் பற்றி இழுப்பதும் தெரியும். அந்த முதல் இழுப்பு நடந்துவிட்டால் மீன் பிழைத்துக்கொள்ளும் வாய்ப்பு வெகுவாகக் கூடுகிறது; உறைந்த தீவனம் எதற்கும் இவ்வளவு விரைவில் அதைச் செய்யும் திறன் இல்லை.

ஆனால் அதே துடிப்பு அடங்கியதும் தொல்லை தொடங்குகிறது. தின்னப்படாமல் பாறைக்கடியிலோ மணலிலோ சிக்கிய புழு அழுகி அம்மோனியாவை வெளிவிடும், கடல்நீரின் பி.எச். 8.1 முதல் 8.4 வரை இருப்பதால், அந்த அம்மோனியாவில் நஞ்சான வடிவத்தின் பங்கு நன்னீரில் வழக்கமாக இருப்பதைவிட அதிகமாகிறது. ஆகவே, கறுப்புப் புழுவுக்கு உரிய இடம் பவளங்கள் நிறைந்த பெரிய தொட்டி அன்று, புதிய மீனைத் தனியே வைத்துக் கவனிக்கும், மணல் போடாத தனிமைத் தொட்டியே. பம்பை நிறுத்திவிட்டு, சிறிய சிட்டிகை அளவு புழுவை மீனின் முகத்துக்கு முன்னே விட்டு, எஞ்சியதைக் குழாய் வைத்து உடனே உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். புழுக்களைக் குளிர்பதனப் பெட்டியில், அகன்ற தட்டில், அவை மூழ்கும் அளவு மட்டும் நீர் விட்டு வைத்து, குளோரின் நீக்கிய குளிர்ந்த நீரில் தினமும் அலசுவது கட்டாயம். நீர் கலங்கி நாற்றம் வந்தால், அந்தப் புழுவைத் தொட்டிக்குக் கொண்டுபோகவே கூடாது. சாக்கடைச் சேற்றில் பெருகும் டியூபிஃபெக்ஸ் புழுவை இதற்கு மாற்றாக நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

கறுப்புப் புழுவுக்குச் சாதகமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நன்னீரில் வளர்வதால், வெண்புள்ளி நோயை உண்டாக்கும் கிரிப்டோகேரியான் போன்ற கடல் ஒட்டுண்ணிகள் அதனுடன் சேர்ந்து வர வழியில்லை.

வெள்ளைப் புழுவின் கதை வேறு. எங்கிட்ரேயஸ் அல்பிடஸ் எனப்படும் இது, கரை ஒதுங்கி மக்கும் கடற்பாசிக் குவியல்களிலும் வாழ்வதால், உப்பைத் தாங்கும் உடலமைப்புக் கொண்டது. கறுப்புப் புழு சில நிமிடங்களில் அடங்கிவிடும் அதே நீரில் இது நெடுநேரம் உயிரோடு நெளிந்துகொண்டிருக்கும். மீன் தயங்கித் தயங்கி வந்தாலும் இரை காத்திருக்கும், நீரும் விரைவில் கெடாது. பவளத் தொட்டியில் உயிர்ப்புழு போட்டே ஆக வேண்டும் என்றால், இதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். கொழுப்பு மிகுந்தது என்பதும், ஈர மண்ணில் குளிர்ச்சியான சூழலில் வைத்துப் பொறுமையாக வளர்க்க வேண்டும் என்பதும் இதன் குறைகள். வெப்பமான அறையில் இந்த வளர்ப்பு எளிதில் அழிந்துவிடும்.

ஆர்ட்டீமியா கடல்நீரில் சாகாது, நீந்திக்கொண்டும் இருக்கும். ஆனால் சத்தூட்டப்படாத ஆர்ட்டீமியாவில் மீனுக்குத் தேவையான கொழுப்பு அமிலங்கள் போதாது என்பதால், பசியைத் தூண்டுவதற்கு அப்பால் அதை நம்ப முடியாது.

நெடுநாள் உணவு என்று பார்த்தால் முடிவு உறுதியாக மைசிஸின் பக்கம் சாய்கிறது. இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்னும் ஒமேகா 3 அமிலங்களைக் கடல் மீன்கள் தம் உடலிலேயே போதுமான அளவு உருவாக்கிக்கொள்வதில்லை. இரை வழியாகவே பெற்றாக வேண்டும். கறுப்புப் புழுவில் புரதம் தாராளமாக இருந்தாலும், டி.எச்.ஏ. மிகக் குறைவு. நன்னீர் உயிரினம் என்பதே இதற்குக் காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. கனடாவின் ஒக்கனகன் ஏரியில் பிடிக்கப்படும் மைசிஸும் நன்னீர் உயிரினமே; இருந்தும் குளிர்ந்த நீரின் மிதவை உயிர்களைத் தின்று வாழும் அதில் இந்த அமிலங்கள் செறிந்துள்ளன.

எனவே புழுவைத் தின்னத் தொடங்கிய மீனை அதிலேயே விட்டுவைக்காமல், ஓரிரு நாட்களிலேயே உருக்கி அலசிய மைசிஸைப் புழுக்களோடு கலந்து கொடுக்கத் தொடங்க வேண்டும். புழுவைக் கொத்தும் வேகத்தில் மைசிஸும் வாய்க்குள் போகும். முதலில் துப்பினாலும், பின்னர் விழுங்கப் பழகும். ஒவ்வொரு வேளையும் புழுவின் பங்கைக் குறைத்துக்கொண்டே வந்து, புழுவே இல்லாத நீரில் மீன் தானாக மைசிஸைத் தேடி வரும் வரை, அதைத் தனிமைத் தொட்டியிலிருந்து மாற்றாமல் இருப்பது நல்லது.