டேலி பிரைம்: பில் அடிக்க மட்டும் என்றால் இவ்வளவு செலவு வேண்டாம்

திருப்பூர், பல்லடம், பெருந்துறை வட்டாரத்தில் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் இல்லாத பனியன் கம்பெனி ஆபீஸைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் பாதிப் பேர் அதில் ஜிஎஸ்டி பில் அடிப்பதோடு சரி. மாதம் பிறந்தால் பேக்கப் ஆடிட்டருக்குப் போய்விடும். எந்த நிட்டிங் யூனிட்டில் எத்தனை கிலோ நூல் கிடக்கிறது என்று முதலாளி கேட்டால், மேனேஜர் டிசி (சரக்கோடு அனுப்பும் டெலிவரி சலான்) புத்தகத்தைத்தான் புரட்டுவார். அந்தக் கணக்குக்கு டேலி பிரைம் உதவுமா? உதவும், செட்டப் ஒழுங்காகச் செய்தால்.

முதலில் விலை. ஒரே கம்ப்யூட்டருக்கான சில்வர் 22,500 ரூபாய். ஆபீஸ் நெட்வொர்க்கில் (லேன்) பல பேர் வேலை பார்க்கும் கோல்டு 67,500 ரூபாய். 18% ஜிஎஸ்டி தனி. விற்றுமுதல் 1.5 கோடிக்குள் உள்ளவர்களுக்கு ஜிஎஸ்டி தளமே இலவச பில்லிங் சாஃப்ட்வேர் தருகிறது. மாதம் பத்துப் பில் போடும் அயர்னிங், செக்கிங் யூனிட்டுக்கு அது தாராளம்.

நூலை வெளியே கொடுத்துத் துணியாக வாங்குகிறவர்களுக்குத்தான் இதில் விஷயம் இருக்கிறது. எஃப்11 அழுத்தி ஜாப் ஆர்டர் பிராசஸிங்கையும் (வெளியே கொடுத்துச் செய்யும் வேலையின் கணக்கு) மல்டிபிள் குடோனையும் ஆன் செய்யுங்கள். பிறகு துணி நெய்யும் நிட்டிங், சாயம் போடும் டையிங், துணியைச் சுருக்கி அளவு நிலைக்கவைக்கும் காம்பாக்டிங் என ஒவ்வொரு யூனிட்டுக்கும் டேலிக்குள் ஒரு குடோன் திறந்து, 'அவர் ஸ்டாக் வித் தேர்ட் பார்ட்டி' என்ற இடத்தில் யெஸ் கொடுங்கள். நூல் போகும்போது மெட்டீரியல் அவுட், துணி வரும்போது மெட்டீரியல் இன். டையிங் லாட் நம்பரை பேட்ச் பெயராகப் போட்டால், ஷேடு மாறிவிட்டது என்று பையர் கத்தும் நாளில் எந்த லாட் என்று தேடி அலைய வேண்டாம்.

எல்லோரும் சறுக்கும் இடம் மெட்டீரியல் இன். 100 கிலோ நூல் போய் 98.5 கிலோ துணி வந்தால், செலவான நூல் என்ற கட்டத்தில் 100 என்று போட வேண்டும். வந்த துணியின் எடையையே அங்கும் போட்டுவிட்டால் அந்த ஒன்றரை கிலோ வேஸ்டேஜ் நிட்டிங்காரர் குடோனிலேயே நின்றுவிடும். லோடுக்கு லோடு இப்படிச் சேர்ந்து, மார்ச்சில் பார்த்தால் இல்லாத நூல் ஸ்டாக்கில் உட்கார்ந்திருக்கும். பிறகு நிட்டிங்காரரோடு சண்டை. அவர் மேல் தப்பே இருக்காது. டையிங்கில் எடைக் குறைவு ஷேடுக்கு ஷேடு மாறும் என்பதால், பிஓஎம்மில் (எந்தப் பொருளுக்கு எவ்வளவு மூலப்பொருள் என்ற பட்டியல்) ஒரே விகிதத்தை வைத்துவிட்டு அப்படியே என்டர் தட்டிக்கொண்டு போவதும் ஆபத்து. எடைச் சீட்டைப் பார்த்து ஒவ்வொரு முறையும் திருத்த வேண்டும்.

இந்தக் குடோன் இருப்பு வெறும் கௌரவத்துக்கு இல்லை. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பி வரவோ அங்கிருந்தே விற்பனையாகவோ செய்யாவிட்டால், அனுப்பிய நாளிலேயே சப்ளை செய்ததாகக் கணக்காகி வரியும் வட்டியும் வரும். ஜாப் ஒர்க் சரக்கின் போக்குவரத்தைக் காட்டும் ஐடிசி-04 ஜிஎஸ்டி படிவத் தாக்கலுக்கும் இதே டிசிக்கள்தான் அடிப்படை. விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மற்றவர்களுக்கு வருடம் ஒருமுறை.

இ-இன்வாய்ஸும் (அரசுத் தளத்தில் பதிவாகும் பில்) இ-வே பில்லும் (சரக்கு வண்டிக்கான ஆன்லைன் சீட்டு) டேலிக்குள்ளிருந்தே எடுக்கலாம். இதில் குறை சொல்ல அதிகம் இல்லை. இ-இன்வாய்ஸ் தளத்தில் ஏபிஐ யூசர் (டேலி உள்ளே நுழைவதற்கான தனி லாகின்) உருவாக்கும்போது ஜிஎஸ்பி (தளத்தோடு இணைக்கும் நிறுவனங்கள்) பட்டியலில் டேலியைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. பிழை வந்தால் முதலில் பார்ட்டியின் பின்கோடும் மாநிலமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஐஆர்என் (பில்லுக்குத் தளம் தரும் பதிவு எண்) எடுத்ததை 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும். ரத்தான பில் நம்பரை அதே நிதியாண்டில் மறுபடி பயன்படுத்த முடியாது. அதனால் நடுவில் ஒரு பில்லை அழித்தால் மற்ற நம்பர்கள் நகர்ந்துவிடாதபடி வவுச்சர் நம்பரிங்கை அமைத்துவிடுங்கள்.

சில்வரா கோல்டா என்பதை முடிவு செய்வது உண்மையில் லோடு ஏறும் உங்கள் குடோன் வாசல்தான். அங்கேயும் ஒரு கம்ப்யூட்டரில் டேலி ஓட வேண்டுமா என்பதுதான் கேள்வி. தமிழ்நாட்டுக்குள் 1 லட்சத்துக்கு மேல் சரக்கு நகர்ந்தால், விலக்குப் பட்டியலில் இல்லாத பொருளுக்கு இ-வே பில் வேண்டும். கிலோ 300 ரூபாய் என்றால் 340 கிலோவிலேயே வரம்பு தாண்டிவிடும். மாலைக்குள் என்ட்ரி போட்டுக்கொள்ளலாம் என்ற பேச்சு வண்டி நிற்கும் இடத்தில் எடுபடாது. தினம் இரண்டு மூன்று லோடு என்றால் சில்வரே போதும்: குடோன் ஆளுக்கு இ-வே பில் தளத்தில் அவருடைய சொந்த மொபைல் நம்பரோடு சப்-யூசர் கொடுத்துவிட்டு, நம்பரைப் பிறகு டேலியில் ஏற்றுங்கள். லாகின் ஓடிபி முதலாளி போனுக்கு மட்டும் வந்தால், அவர் கல்யாண வீட்டில் இருக்கும்போது லோடு நிற்கும்.

மொபைலில் பிரவுசர் வழியாக ரிப்போர்ட் பார்க்கலாம். ஆனால் ஆபீஸ் கம்ப்யூட்டரும் டேலியும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கரண்ட் போனால் அதுவும் போச்சு. யுபிஎஸ் இல்லாமல் ஓட்டினால் டேட்டா கெடும் வாய்ப்பும் உண்டு. டேட்டா ஃபோல்டரை கூகுள் டிரைவ் சிங்கில் போட்டுவிட்டுப் பேக்கப் ஆகிறது என்று நினைப்பவர்கள் நிறைய. வேண்டாம், ஓடிக்கொண்டிருக்கும் ஃபைலை சிங்க் தொட்டால் கம்பெனியே திறக்காமல் போகலாம். ஆல்ட்+ஒய் கொடுத்துப் பேக்கப் எடுத்து, அந்த ஃபைலை மட்டும் டிரைவில் ஏற்றுங்கள். பிரைவேட் லிமிடெட் என்றால் 2023 ஏப்ரல் முதல் ஆடிட் டிரெயில் (யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவு) கட்டாயம். இன்ஸ்டால் செய்யும்போதே எடிட் லாக் பதிப்பைப் போடச் சொல்லுங்கள்.

டெமோவுக்கு வரும் டீலரிடம் சேல்ஸ் பில்லைக் காட்டச் சொல்லாதீர்கள், அது யாருக்கும் தெரியும். உங்கள் டிசி புத்தகத்தில் நூல் போய், கிரே (சாயம் போடாத துணி) வந்து, டையிங் போய்த் திரும்பிய ஒரு லாட்டை எடுத்துக் கொடுத்து, வேஸ்டேஜ் உட்பட ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். தடுமாறினால் லைசென்ஸை மட்டும் அவரிடம் வாங்கிக்கொண்டு, செட்டப்பை வேறு ஆளிடம் கொடுங்கள்.