சனிக்கிழமை ஜெப வகுப்பு, போகலாமா வேணாமா?

எங்க ஏரியா சர்ச்சுல சனிக்கிழமை சாயங்காலம் நடக்குற ஜெப வகுப்பு எப்படின்னு நிறைய பேர் கேட்டீங்க, அதான் எழுதுறேன். ஃபீஸ் கிடையாது, நோட்ஸுக்கு ஜெராக்ஸ் காசு மட்டும். பாடம் முக்கியமா பைபிள்ல லூக்கா 18ம் அதிகாரம், சோர்ந்துபோகாம ஜெபம் பண்றது பத்தி.

நடத்துறது ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா. நியாயம் கேட்டு விடாம வந்து நிக்கிற விதவை, அநீதியுள்ள நியாயாதிபதி (நீதிபதி) கதைய நாம சண்டே ஸ்கூல்லேர்ந்து கேட்டிருக்கோம், விடாம நச்சரிச்சா ஆண்டவர் எறங்கி வந்துடுவார்னுதான் பாதி பிரசங்கத்துல சொல்லுவாங்க, ஆனா இந்தம்மா எடுத்த எடுப்புலயே கேட்டாங்க, அவன் தேவனுக்கும் பயப்படாதவன் மனுஷனையும் மதிக்காதவன்னு இயேசுவே சொல்றாரே, அவன எப்படிய்யா ஆண்டவர் எடத்துல உக்கார வைக்கிறீங்கன்னு. அப்படிப்பட்டவனே தொல்லை தாங்காம நியாயம் செஞ்சான்னா, ராத்திரி பகலா கூப்பிடுற ஜனத்துக்கு தேவன் செய்யாம இருப்பாரா, இதுதான் அங்க விஷயமே. அதே உவமை முடியுறப்ப மனுஷகுமாரன் (இயேசு) வரும்போது பூமியில விசுவாசத்த காண்பாரோன்னு ஒரு கேள்வி வரும்ல, பொதுவா அத தாண்டி போயிடுவாங்க, இங்க அதுக்குன்னே ஒரு வகுப்பு.

லூக்கா 11ல நடுராத்திரி மூணு அப்பம் கேட்டு வர்ற சிநேகிதன், பிள்ளை வேணும்னு அழுது ஜெபிச்ச அன்னாள் எல்லாம் வேகமா ஓடிடுச்சு. ஆனா அப்போஸ்தலன் பவுல் பத்தின வகுப்புதான் எனக்கு டாப். மூணு தரம் வேண்டிக்கிட்டும் அவர் முள்ளுன்னு சொன்ன உபத்திரவம் போகல, என் கிருபை உனக்குப் போதும்னு பதில். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்துல இயேசுவே மூணு தரம் ஜெபிச்சும் பாத்திரம், அதாவது அந்தப் பாடு, நீங்கல. கெடைக்கலன்னா உனக்கு விசுவாசம் பத்தலன்னு ஈஸியா சொல்றவங்க இத எங்க கொண்டு வைப்பாங்கன்னு தெரியல. ஒரு அக்கா எழுந்து "அப்ப எதுக்கு டீச்சர் திரும்ப திரும்ப கேக்கணும்?"னாங்க. "இல்லைன்னு பதில் வந்ததே கேட்டுக்கிட்டு நின்னவருக்குத்தானம்மா"ன்னாங்க டீச்சர். ஹால்ல கொஞ்ச நேரம் யாரும் பேசல.

மைனஸும் இருக்கு. ஒரு வாரம் வெளியூர்லேர்ந்து ஒருத்தர் வந்து தானியேல் 10 எடுத்து, 21 நாள் உபவாசம் இருந்தா காரியம் முடிஞ்சுதுன்னு ஃபிக்ஸட் டெபாசிட் கணக்கா பேசிட்டு போனாரு. அதே அதிகாரத்துலயே மொத நாள்லயே உன் வார்த்தை கேக்கப்பட்டுச்சுன்னு தானியேல்கிட்ட தூதன் சொல்றத அவரு வாசிக்கவே இல்ல, 21 நாள் ஆனது அந்தத் தூதன வரவிடாம பெர்சியா அதிபதி எதிர்த்து நின்னதால. இன்னொன்னு, மத்தேயு 6ல வீண்வார்த்தை அலப்பாதேயுங்கள்னு படிச்ச அன்னிக்கே முடிவு ஜெபம் மைக்ல அரை மணி நேரம் போச்சு, என்னத்த சொல்ல. மைக் வேற கரகரன்னு.

5க்கு 4 குடுப்பேன். பைபிள் கையில கொண்டு போங்க, ஹால்ல டவர் எடுக்காது, மொபைல்ல ஓப்பன் ஆக நேரமாகும். சின்ன பிள்ளைங்களுக்கு தனி எடம் இல்ல, கூட்டிட்டு போனா நீங்கதான் ஓடணும். முடிஞ்சதும் குடுக்குற சுக்கு காபி சூப்பர், லேட் பண்ணா காலி.