போட்ஸ்வானா வைரமும் சியரா லியோன் வைரமும்
இரண்டு ஆப்பிரிக்க நாட்டிலும் வைரம்தான், கிடக்கும் விதம்தான் வேறு. அதை எந்த நாடு நன்றாகக் கையாண்டது? சியரா லியோனின் கோனோ பகுதியில் ஆற்று மணலோடு கலந்து கிடக்கிறது. மண்வெட்டி, சல்லடை, முழங்கால் தண்ணீரில் நாலு ஆள் போதும். யார் காவல் காப்பது? 1991 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போரில் கிளர்ச்சிப் படை அதை விற்று ஆயுதம் வாங்கியது.

போட்ஸ்வானாவின் ஒராபாவில் வைரம் பாறைக்குள் இருக்கிறது. பெரிய இயந்திரம் வேண்டும். ஆனால் வேலி போடலாம், வரி வாங்கலாம். சரி, வெறும் அதிர்ஷ்டமா? இல்லை. அதிபர் செரெட்சே காமா 1967-லேயே கனிம உரிமையை இனக்குழுக்களிடமிருந்து அரசுக்கு மாற்றினார். ஒராபா இருப்பதோ அவருடைய சொந்த இனத்தின் நிலத்தில்! அப்புறம் வைர நிறுவனமான டி பியர்ஸிடம் பேரம் பேசி அரசின் பங்கைப் பாதியாக உயர்த்தினார்கள்.

என் ஓட்டு போட்ஸ்வானாவுக்குத்தான். ஆனாலும் கலஹாரி பாலைவனத்தின் பூர்வகுடிகளான சான் மக்களை அவர்கள் நிலத்திலிருந்து வெளியேற்றியதும் அதே நாட்டு அரசுதான். 2006-ல் நீதிமன்றமே அது தவறு என்றது.