மேடைச் சிரிப்பா, தொலைக்காட்சிச் சிரிப்பா?

நல்ல காரியத்துக்கு நகைச்சுவையால் பணம் திரட்ட ஒரு வழி, டிக்கெட் போட்டு மேடை நிகழ்ச்சி நடத்துவது. 1976-இல் லண்டனில் நகைச்சுவை நடிகர் ஜான் கிளீஸும் நண்பர்களும் மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி இன்டர்நேஷனலுக்காக இதைத்தான் செய்தார்கள். எத்தனை இருக்கையோ அவ்வளவுதான் வசூல், அதிலும் வாடகை, ஒலி, ஒளி என்று ஒரு பங்கு போய்விடும்.

இன்னொன்று தொலைக்காட்சி. பிரிட்டனில் காமிக் ரிலீஃப் என்ற தொண்டு நிறுவனம் 1988-இல் தொடங்கிய 'ரெட் நோஸ் டே' (சிவப்பு மூக்கு நாள்) என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி முதல் ஆண்டே சுமார் 1.5 கோடி பவுண்டு திரட்டியது! சிரித்துக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று காட்டுவார்கள், அங்கேதான் கை தானாகப் போனை எடுக்கிறது. அப்புறம் சிவப்பு மூக்கை மாட்டிக்கொண்டு பள்ளிப் பிள்ளைகளே வசூலுக்குக் கிளம்பியது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஆனால் உதவி பெறுபவரை வெறும் பரிதாபப் பொருளாகக் காட்டிவிடும் ஆபத்தும் இதில்தான் அதிகம். சின்னக் குழு என்றால் மேடையிலேயே தொடங்குங்கள், அரங்கு இலவசமாகக் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்.